சுவரில் ஒட்டிய படம்

சென்ற வாரம் ஒன்பதாம் வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். மூன்றாவது பெஞ்சியில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணின் பூகோளப் புஸ்தகத்திலிருந்து ஒரு படம் நழுவித் தரையில் விழுந்தது. பூகோளத்துக்கும் அந்தப் படத்துக்கும் சம்பந்தமே இல்லையென்று சொல்வதற்கில்லை. படத்தில் இருந்த ஏழு வாலிபர்களும் கொரியா தேசத்தவர்கள். ஒருவருடைய தலைமயிர் ஊதா நிறம். இன்னொருவருடையது வைக்கோல் நிறம். ஏழு பேரும் பாடகர்கள்.

"யாரம்மா இவர்கள்?" என்று கேட்டேன்.

வகுப்பு முழுவதும் கொல்லென்று சிரித்தது. அந்தப் பெண் மாத்திரம் சிரிக்கவில்லை. "அப்பாவிடம் சொல்லிவிடாதீர்கள், டீச்சர்!" என்றாள். அவள் குரல் நடுங்கிற்று.

படத்தை வாங்கி என் கைப்பையில் வைத்துக்கொண்டு பாடத்தைத் தொடர்ந்தேன். மத்தியான்னம் ஆசிரியர்கள் அறையில் அதை எடுத்துக் காட்டியபோது எங்கள் கணக்கு ஆசிரியர், "காலம் கெட்டுவிட்டது!" என்றார். இதை அவர் இருபது வருஷமாகச் சொல்லிவருகிறார். காலமும் அவர் சொல்லுக்குக் கட்டுப்பட்டு வருஷந்தோறும் ஒழுங்காகக் கெட்டுக்கொண்டு வருகிறது. சரித்திர ஆசிரியை, "கிழித்துக் குப்பையில் போடுங்கள், அக்கா! அப்போதுதான் புத்தி வரும்" என்றார்.

நான் கிழிக்கவில்லை. அதற்குக் காரணம் ஒன்று உண்டு.

1992-ம் வருஷம் 'ரோஜா' படம் வெளிவந்தபோது எனக்கு வயது பதின்மூன்று. அப்போது என்னிடம் எண்பது பக்க நோட்டுப் புஸ்தகம் ஒன்று இருந்தது. ரேடியோவில் சினிமாப் பாட்டு வைக்கும் நேரத்தில் பென்ஸிலும் கையுமாக உட்கார்ந்து, காதில் விழுந்த வரிகளை அதில் எழுதிக்கொள்வேன். விட்டுப்போன வரிக்கு இடம் விட்டு வைத்து, அடுத்த தடவை அந்தப் பாட்டு வரும் வரையில் காத்திருப்பேன். அட்டையின் உட்புறத்தில் ஒரு வாரப் பத்திரிகையிலிருந்து கத்தரித்த படம் ஒன்றையும் ஒட்டியிருந்தேன். ஒரு நாள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பார்த்தால் நோட்டைக் காணவில்லை. காலையில் வெந்நீர் அடுப்பைப் பற்ற வைப்பதற்கு அது உபயோகப்பட்டுவிட்டது என்று அம்மா தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

என் தகப்பனார் மிக நல்லவர். ஒரு கொடுமை செய்துவிட்டதாக அவருக்குத் தோன்றவே இல்லை. "படிக்கிற வயதில் பாட்டு என்ன வேண்டிக்கிடக்கிறது?" என்று மாத்திரம் கேட்டார். அதன் பிறகும் நான் பாட்டு எழுதிக்கொண்டுதான் இருந்தேன். அப்பாவிடம் எதையும் சொல்லும் பழக்கம்தான் நின்றுபோயிற்று.

இந்தப் பகுதியைத் தொடர்ந்து வாசித்துவரும் நேயர்களுக்கு, குமரிப் பெண்களுக்கென்றும் பாட்டுப் பைத்தியம் பிடித்த பிள்ளைகளுக்கென்றும் மேல்நாடுகளில் அச்சடிக்கப்பட்ட பத்திரிகைகளின் கதையை இந்த வாரம் சொல்லலாமென்று உத்தேசித்திருக்கிறேன். இது பெரும்பாலும் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் நடந்த கதை. ஆனாலும் இதில் வரும் தாய் தகப்பன்மார்கள் நமக்கு அந்நியர்களாகத் தோன்றமாட்டார்கள்.

*

இங்கிலீஷில் பதின்மூன்று முதல் பத்தொன்பது வரையில் உள்ள எண்கள் எல்லாம் 'டீன்' என்று முடிகின்றன. அதனால் அந்த வயதுப் பிள்ளைகளுக்கு 'டீனேஜர்' என்று பெயர் வந்தது. முன்காலத்தில் குழந்தைகள் உண்டு, பெரியவர்கள் உண்டு. இடையில் இப்படி ஒரு ஜாதி இருப்பதாக யாரும் பொருட்படுத்தவில்லை. முதலில் கண்டுகொண்டவர்கள் வியாபாரிகளே. அமெரிக்காவில் 1944-ம் வருஷம் செப்டம்பர் மாதம் 'செவன்டீன்' என்ற பத்திரிகை தோன்றிற்று. பெயரே 'பதினேழு'.

பிரிட்டனில் யுத்தத்துக்குப் பிறகு, 1947 முதல், பதினைந்து வயது வரையில் பள்ளிக்கூடத்தில் இருக்கவேண்டும் என்பது சட்டம். பதினைந்து முடிந்ததும் ஏராளமான பெண்கள் கடைக்கும் தொழிற்சாலைக்கும் காரியாலயத்துக்கும் வேலைக்குப் போனார்கள். வாரக் கடைசியில் கையில் சம்பளம். குடும்பப் பாரமோ இன்னும் தலையில் ஏறவில்லை. 1959-ல் மார்க் ஆப்ரம்ஸ் என்ற ஆராய்ச்சியாளர், இந்த வயதினர் எவ்வளவு பணத்தை எதெதற்குச் செலவிடுகிறார்கள் என்று கணக்கெடுத்து வெளியிட்டார். இசைத்தட்டு, துணிமணி, முகப்பூச்சு, பத்திரிகை! கேட்பானேன்? கடைக்காரர்களின் நாக்கில் ஜலம் ஊறிற்று.

இப்படிப் பிறந்த பத்திரிகைகளில் பெரிய புகழ் பெற்றது 'ஜாக்கி'. ஸ்காட்லாந்தில் டண்டி என்ற நகரத்தில் டி. ஸி. தாம்ஸன் கம்பெனியார் 1964-ம் வருஷம் ஜனவரி மாதம் 11-ந் தேதி அதன் முதல் இதழை வெளியிட்டார்கள். விலை ஆறு பென்ஸ். டண்டி நகரத்துக்கும் நம் தேசத்துக்கும் பழைய உறவு ஒன்று உண்டு. வங்காளத்தில் விளைந்த சணலைக் கப்பலேற்றிக் கொண்டுபோய் அந்த ஊர் ஆலைகளில்தான் சாக்கு நெய்தார்கள். சணல் நம்முடையது, லாபம் அவர்களுடையது. சணல், ஜாம், பத்திரிகை ஆகிய மூன்று சரக்குகளுக்கும் பெயர்போன ஊர் என்று டண்டியைச் சொல்வது வழக்கம்.

'ஜாக்கி'யில் என்ன இருந்தது? படக்கதைகள் இருந்தன, அவற்றில் வரும் பெண்கள் ஏதாவது ஒரு பையனை நினைத்துக் கண்ணீர் விடுவார்கள். கூந்தலை எப்படி வாருவது, பழைய பாவாடையை எப்படிப் புதிதாக்குவது என்ற யோசனைகள் இருந்தன. எல்லாவற்றுக்கும் மேலாகப் 'பாப்' பாடகர்களின் வர்ணப் படங்கள் இருந்தன. ('பாப்' என்பது, ஜனரஞ்சகம் என்று பொருள்படும் 'பாப்புலர்' என்ற சொல்லின் வாலை நறுக்கிச் செய்த பெயர்.) ஆளுயரப் படமென்றால் ஒரே இதழில் கொடுத்துவிடமாட்டார்கள். மூன்று துண்டாக்கி மூன்று வாரங்களுக்குக் கொடுப்பார்கள். காலையும் இடுப்பையும் சுவரில் ஒட்டி வைத்துக்கொண்டு தலைக்காக ஒரு பெண் ஏழு நாள் காத்திருக்கவேண்டும் என்றால் பத்திரிகை விற்காமல் என்ன செய்யும்? நம் பத்திரிகைகளின் தொடர்கதை ஆசிரியர்களுக்குக்கூட இந்த சாமர்த்தியம் வந்ததில்லை. 1976-ல் 'ஜாக்கி' 6 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது.

*

பெரியவர்கள் சிரித்தார்கள். அசட்டுப் பெண்களுக்கு அசட்டுப் பத்திரிகை என்றார்கள். ஆனால் சிரிப்பதற்கு முன்னால் யோசிக்கவேண்டிய விஷயம் ஒன்று இருந்தது. அதை எடுத்துச் சொன்னவர்கள், பர்மிங்ஹாம் சர்வகலாசாலையில் இளைஞர்களின் வாழ்க்கையை ஆராய்ந்த ஆஞ்செலா மக்ராபி, ஜென்னி கார்பர் என்ற இரண்டு பெண்கள். 1976-ல் அவர்கள் எழுதியதன் சாரம் இது: வாலிபர்களின் கூட்டங்களைப் பற்றி எழுதிய பண்டிதர்கள் எல்லாரும் தெருவைப் பார்த்தார்கள், தெருவில் இருந்தவர்கள் பையன்கள். பெண் குழந்தைகள் எங்கே? வீட்டில், தங்கள் படுக்கையறையில், ஒரு தோழியுடன் இசைத்தட்டுக் கேட்டுக்கொண்டு, சுவரில் படம் ஒட்டிக்கொண்டு இருந்தார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு மனத்தில் சுருக்கென்றது. பையனுக்குத் தெருமுனை உண்டு, டீக்கடை உண்டு, கிரிக்கெட் மைதானம் உண்டு. இருட்டிய பிறகு அவன் வீடு திரும்பினால் யாரும் கேட்பதில்லை. பெண்ணுக்கு உலகத்தில் சொந்தமான இடம் எவ்வளவு? ஒரு சுவரில் நாலு அடி. அதற்கும் வழியில்லாத வீட்டில் ஒரு நோட்டின் அட்டை. அல்லது ஒரு பூகோளப் புஸ்தகத்தின் நடுப்பக்கம். அந்த இடத்தில் அவள் ஒட்டிவைக்கும் படத்தை நாம் கிழித்தால், நாம் கிழிப்பது காகிதம் மாத்திரம் அல்ல.

'ஜாக்கி' பத்திரிகையில் இன்னொரு பக்கமும் இருந்தது. அதற்குக் 'கேதியும் கிளேரும்' என்று பெயர். இந்தப் பெயருள்ள இரண்டு பெண்கள் யாரும் கிடையாது. காரியாலயத்தில் வேலை செய்தவர்களே அந்தப் பெயர்களில் எழுதினார்கள். வாரத்துக்குச் சுமார் 400 கடிதங்கள் அந்தப் பக்கத்துக்கு வந்தன. முகத்தில் பரு, தோழி பேசாமல் இருக்கிறாள், அம்மாவுக்கும் அப்பாவுக்கும் ஓயாத சண்டை, ஒரு பையன் இப்படிச் சொன்னான், அதற்கு என்ன அர்த்தம்? இந்த மாதிரியான கேள்விகள். நமக்கு அற்பமாகத் தோன்றும். ஆனால் பதினாலு வயதில் அவைதான் உலகப் பிரச்னைகள். வீட்டில் கேட்டால் அடி. பள்ளிக்கூடத்தில் கேட்டால் சிரிப்பு. ஆகையால் அந்தப் பெண்கள், முகம் தெரியாத, உண்மையில் இல்லவே இல்லாத இரண்டு அக்காமார்களுக்குத் தபால் எழுதினார்கள். உடம்பைப் பற்றிய கேள்விகள் பெருகவே, 1974-ல் டாக்டர் பதில் சொல்லும் பகுதி ஒன்றையும் சேர்த்தார்கள்.

தாயாரிடம் கேட்கவேண்டிய கேள்வியை ஒரு பெண் டண்டிக்குத் தபாலில் அனுப்பினாள் என்றால், வெட்கப்படவேண்டியவர் யார்? பத்திரிகையா, தாயாரா?

*

இப்படியெல்லாம் சொல்வதால் நான் இந்தப் பத்திரிகைகளுக்கு வக்காலத்து வாங்குவதாக நேயர்கள் நினைக்கவேண்டாம். அவற்றின் குற்றங்களும் சாமானியமானவை அல்ல.

மேலே சொன்ன ஆஞ்செலா மக்ராபி அம்மையார் 1978-ல் 'ஜாக்கி'யை வரி வரியாக ஆராய்ந்து ஒரு கட்டுரை எழுதினார். அவர் கண்டது என்ன? அந்தப் படக்கதைகளில் பெண்ணுக்கு உள்ள ஒரே லட்சியம் ஒரு பையனைப் பிடிப்பது. பிடித்தவனை விடாமல் வைத்துக்கொள்வது. தோழி என்பவள் எந்த நிமிஷமும் போட்டிக்காரியாக மாறக்கூடியவள். படிப்பு, தொழில், தேச விவகாரம் ஒன்றும் அங்கே தலைகாட்டாது. பையனுக்குப் பிடிக்கும்படி இருக்கவேண்டுமானால் இந்தப் பூச்சைப் பூசு, இந்தச் சட்டையைப் போடு என்று விளம்பரங்கள். முதல் பக்கத்தில் 'நீ இருக்கிறபடியே அழகு' என்பார்கள். அடுத்த பக்கத்தில் அழகில்லாத மூக்குக்கு மருந்து விற்பார்கள். இது உண்மைதான். பிற்பாடு வந்த பத்திரிகைகளில் இந்தக் கண்ணீர்க் காதல் குறைந்து, பெண்கள் தன்னம்பிக்கையோடு பேசத் தொடங்கினார்கள் என்பதையும் அந்த அம்மையாரே 1991-ல் எழுதியிருக்கிறார் என்பதைச் சேர்த்துச் சொல்வது நியாயம்.

அபிமானம் எல்லை மீறினால் ஆபத்து உண்டு என்பதும் பொய்யல்ல. 1974-ம் வருஷம் மே மாதம் 26-ந் தேதி லண்டன் வைட் ஸிட்டி மைதானத்தில் டேவிட் காஸிடி என்ற பாடகரின் கச்சேரி நடந்தது. அவர் படம் இல்லாத குமரிப் பெண் பத்திரிகை அப்போது கிடையாது. மேடையை நோக்கிக் கூட்டம் நெருக்கிற்று. நூற்றுக்கணக்கான பெண்கள் மயக்கமுற்றும் காயமடைந்தும் விழுந்தார்கள். நெரிசலில் அகப்பட்ட பதினாலு வயதுப் பெண் ஒருத்தி நாலு நாளைக்குப் பிறகு இறந்துபோனாள். அவளுடைய படுக்கையறைச் சுவரை அவள் பெற்றோர்கள் பிறகு எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று நினைக்கும்போது எனக்கு மேலே எழுத ஓடவில்லை. 'பைத்தியக்காரப் பெண்கள்' என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் ஆயிரக்கணக்கான குழந்தைகள் வருவார்கள் என்று தெரிந்து சீட்டு விற்றவர்கள் பெரியவர்கள். அந்தக் குழந்தைகளின் ஆவலை அவர்கள் வசூலுக்கு மாத்திரம் மதித்தார்கள், ஜாக்கிரதைக்கு மதிக்கவில்லை.

*

இனி, பாட்டுக்கென்றே நடந்த பத்திரிகையைப் பார்ப்போம். 1978-ல் நிக் லோகன் என்பவர் பிரிட்டனில் 'ஸ்மாஷ் ஹிட்ஸ்' என்ற பத்திரிகையைத் தொடங்கினார். அதன் மூலதனம் மிக எளியது: அந்தச் சமயத்தில் ஜனங்கள் முணுமுணுக்கும் பாட்டுகளின் வரிகளை அச்சடித்துக் கொடுப்பது. சினிமாக் கொட்டகை வாசலில் ஒரு காலத்தில் விற்ற பாட்டுப் புஸ்தகங்களை நினைத்துக்கொண்டால் நேயர்களுக்கு விஷயம் விளங்கும். பென்ஸிலும் கையுமாக ரேடியோவுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த என் போன்றவர்களுக்கு அது எவ்வளவு பெரிய உபகாரம் என்று சொல்லவும் வேண்டுமா?

அந்தப் பத்திரிகையில் ஒரு நல்ல குணம் இருந்தது. பாடகர்களை அது சுவாமியாக்கிக் கும்பிடவில்லை. கேலி செய்து, குறும்புக் கேள்வி கேட்டு, அவர்களும் மனிதர்கள்தான் என்று காட்டிற்று. 1980-களின் பிற்பகுதியில் அதன் ஒரு இதழ் 10 லட்சம் பிரதிகளைத் தொட்டது. 1987-ம் வருஷம் தேர்தல் வருஷம். பிரதம மந்திரி மார்கரெட் தாட்சர் அந்தப் பத்திரிகையைச் சேர்ந்த டாம் ஹிப்பர்ட்டுக்குப் பேட்டி கொடுத்தார். பிள்ளைகளின் பத்திரிகை என்று பெற்றோர்கள் தள்ளிவிட்டதைத் தேசத்தை ஆண்டவர் தள்ளவில்லை! அந்தப் பத்திரிகையின் உதவி ஆசிரியராயிருந்த நீல் டென்னன்ட், 'பெட் ஷாப் பாய்ஸ்' என்ற குழுவில் தாமே பாடகராகிப் பெரும் புகழ் அடைந்தார். 'ஜாக்கி'யை நடத்திய கம்பெனியாரோ, எழுத ஆசைப்படும் இளம் வயதினர் வேண்டும் என்று விளம்பரம் செய்தார்கள். அதைப் பார்த்து எழுதிப்போட்டுப் பதினேழு வயதில் டண்டிக்கு வேலைக்குப் போன ஜாக்குலின் வில்ஸன்தான் பிற்காலத்தில் குழந்தைகளுக்கு எத்தனையோ புஸ்தகங்கள் எழுதி, 2005 முதல் 2007 வரையில் பிரிட்டனின் குழந்தை இலக்கிய ஆஸ்தான எழுத்தாளராக விளங்கினார்.

இந்தப் பத்திரிகைகளில் கனமான விஷயமே வராது என்று நினைப்பதும் தவறு. 1966 மார்ச்சில் லண்டன் 'ஈவினிங் ஸ்டாண்டர்ட்' தினசரியில் 'பீட்டில்ஸ்' குழுவின் ஜான் லென்னன், தங்கள் கோஷ்டிக்கு இயேசுநாதரைவிட அதிகச் செல்வாக்கு இருக்கிறது என்று பேச்சுவாக்கில் சொன்னது வெளிவந்தது. பெரியவர்கள் படிக்கும் பத்திரிகை; யாரும் கவனிக்கவில்லை. நாலைந்து மாதம் கழித்து அமெரிக்காவில் 'டேட்புக்' என்ற குமரிப் பெண்களின் பத்திரிகை அதை மறுபடி அச்சிட்டது. அவ்வளவுதான்! தென் ராஜ்யங்களில் பெரியவர்கள் முன்னின்று இசைத்தட்டுகளைக் குவித்துக் கொளுத்தினார்கள். லென்னன் சிக்காகோவில் பத்திரிகைக்காரர்கள் முன்னால் நின்று சமாதானம் சொல்லவேண்டியதாயிற்று. அந்த வருஷம் ஆகஸ்டு மாதம் 29-ந் தேதி ஸான் பிரான்ஸிஸ்கோவில் நடத்திய கச்சேரியோடு 'பீட்டில்ஸ்' குழுவினர் ஊர் ஊராகப் போய்க் கச்சேரி செய்வதையே விட்டுவிட்டார்கள்.

கொளுத்தியதனால் பாட்டு செத்ததா? என் நோட்டு எரிந்தபோதும் பாட்டு எரியவில்லை. நெருப்புக்கு அந்த சக்தி கிடையாது. கொளுத்துகிறவருக்கும் குழந்தைக்கும் நடுவில் இருக்கும் பாலத்தைத்தான் அது எரிக்கும்.

மற்றொரு சம்பவத்தையும் சொல்லவேண்டும். 'செவன்டீன்' பத்திரிகையில் வரும் பெண்களின் படங்களில் இடுப்பைச் சிறுக்க வைத்தும் முகத்தை வழுவழுப்பாக்கியும் இயந்திரத்தால் திருத்தி வந்தார்கள். 2012-ம் வருஷம் மெய்ன் ராஜ்யத்தைச் சேர்ந்த பதினாலு வயதுச் சிறுமி ஒருத்தி, "மாதத்துக்கு ஒரு தொகுப்பாவது திருத்தாத படமாகப் போடுங்கள்" என்று விண்ணப்பம் எழுதிக் கையெழுத்துச் சேகரித்தாள். 84,000-க்கு மேற்பட்டவர்கள் கையெழுத்திட்டார்கள். பெண்களின் உடம்பையோ முக அமைப்பையோ இனி மாற்றுவதில்லை என்று பத்திரிகை அந்த வருஷம் ஆகஸ்டு இதழில் வாக்குக் கொடுத்தது. நாம் 'அசட்டுப் பெண்' என்று சிரித்த அதே வாசகி, தன் பத்திரிகைக்கே பாடம் கற்பித்துவிட்டாள்!

*

இவையெல்லாம் இப்போது பழங்கதை ஆகிவிட்டன. 'ஜாக்கி' 1993-ம் வருஷம் ஜூலை மாதம் 3-ந் தேதியோடு நின்றது. 'ஸ்மாஷ் ஹிட்ஸ்' 2006-ல் நின்றது. 'செவன்டீன்' 2018-ல் ஒழுங்காக அச்சில் வருவதை நிறுத்தி, எப்போதாவது ஒரு விசேஷ இதழ் என்று சுருங்கிப்போயிற்று. எல்லாவற்றையும் கைப்பேசி விழுங்கிவிட்டது.

"நல்லதாயிற்று, குப்பை ஒழிந்தது!" என்று எங்கள் கணக்கு ஆசிரியர் சொல்வார். எனக்கு அவ்வளவு நிச்சயமாகச் சொல்லத் தைரியமில்லை. பாடகரின் படம் ஒழியவில்லை. முன்னைவிட ஆயிரம் மடங்கு அதிகமாகக் கையிலேயே மினுக்குகிறது. விளம்பரம் ஒழியவில்லை, பூச்சும் புனைவும் ஒழியவில்லை. ஒழிந்தது எது என்றால், அந்தக் கேள்வி பதில் பக்கம். பத்திரிகை லாபத்துக்காக நடந்தது வாஸ்தவம். ஆனாலும் அதன் காரியாலயத்தில் யாரோ ஒருவர் அந்தக் கடிதத்தைப் பிரித்துப் படித்தார். இது பதினாலு வயதுக் குழந்தை எழுதியது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு பதில் எழுதினார். அச்சுக்குப் போகுமுன் ஆசிரியர் ஒருவர் அதைப் பார்த்தார். இன்று கைப்பேசியில் குழந்தையின் எதிரே வந்து நிற்பது எது என்பதை எந்த ஆசிரியரும் பார்த்துத் தீர்மானிப்பதில்லை. இன்னும் எத்தனை நிமிஷம் இவளை உட்கார வைக்கலாம் என்று கணக்குப் போடும் இயந்திரம் தீர்மானிக்கிறது.

2024-ம் வருஷம் ஜனவரி மாதத்தில் தினசரிகளில் வந்த செய்தி நேயர்களுக்கு நினைவிருக்கலாம். நம் மாகாணத்தைச் சேர்ந்த பதின்மூன்று வயதுச் சிறுமிகள் மூவர், என் மாணவியின் படத்தில் இருந்த அதே ஏழு பாடகர்களைப் பார்ப்பதற்காகக் கொரியாவுக்குப் புறப்பட்டுவிட்டார்கள். கையில் இருந்தது சுமார் 14,000 ரூபாய். விசாகப்பட்டினம் துறைமுகத்துக்குப் போய் அங்கிருந்து கப்பலேறுவது என்பது அவர்கள் திட்டம். காட்பாடி ரயில் நிலையத்தில் அவர்களைக் கண்டுபிடித்துப் பத்திரமாக மீட்டார்கள். தெய்வாதீனம்!

செய்தியைப் படித்துப் பலர் சிரித்தார்கள். எனக்கு அடிவயிறு கலங்கிற்று. 'கொரியாவுக்கு எப்படிப் போவது? எவ்வளவு செலவாகும்?' என்று அந்தக் குழந்தைகள் ஒரு பெரியவரைக் கேட்டிருந்தால் ஐந்து நிமிஷத்தில் விஷயம் தெரிந்திருக்கும். பூகோள ஆசிரியர் ஒருவர் படத்தை விரித்துக் காட்டி, "முதலில் பாஸ்போர்ட், அதற்கு முன்னால் பத்தாம் வகுப்பு" என்று சொல்லியிருப்பார். ஆனால் கேட்டிருந்தால் நம்மில் எத்தனை பேர் அப்படிப் பதில் சொல்லியிருப்போம், எத்தனை பேர் கைப்பேசியைப் பிடுங்கியிருப்போம் என்பதை அவரவர் நெஞ்சைத் தொட்டுக் கேட்டுக்கொள்ளலாம்.

*

மறுநாள் அந்தப் பெண்ணை இடைவேளையில் கூப்பிட்டுப் படத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அவள் நம்பவில்லை, இது ஏதோ பெரிய தண்டனைக்கு முன்னுரை என்று நினைத்தவள்போல் நின்றாள்.

"இந்த ஏழு பேரில் யார் நன்றாகப் பாடுவார்?" என்று கேட்டேன்.

மடை திறந்தாற்போல் பேசினாள். தலைவராயிருப்பவர் இங்கிலீஷ் நாடகத் தொடரைத் தொலைக்காட்சியில் பார்த்துப் பார்த்தே இங்கிலீஷ் கற்றுக்கொண்டாராம். 2018-ல் ஐக்கிய நாடுகள் சபையில் பேசினாராம். அவர்கள் பாட்டு விளங்கவேண்டும் என்பதற்காக இவள் கொரிய எழுத்துகளையே கற்றுக்கொண்டிருக்கிறாள்! "மொத்தம் இருபத்துநாலு எழுத்துதான், டீச்சர். நம் உயிர், மெய் மாதிரியே அவர்களுக்கும் சேர்த்து எழுதவேண்டும்" என்று சொல்லி, கரும்பலகையில் என் பெயரைக் கொரிய எழுத்தில் எழுதிக் காட்டினாள். இலக்கணப் பாடத்தில் பெஞ்சியின் கடைசியில் ஒதுங்கிக் கொட்டாவி விடும் பெண் இவள்தானா என்று நான் பிரமித்துப்போனேன். அவளுடைய புத்தி எங்கே இருக்கிறது என்று ஒரு வருஷமாகத் தேடிக்கொண்டிருந்தேன். அது பூகோளப் புஸ்தகத்தின் நடுவில் பத்திரமாக இருந்திருக்கிறது.

மணி அடித்தது. அவள் போகவில்லை. தாவணி நுனியைத் திருகுவதுபோல் துப்பட்டாவின் நுனியைத் திருகிக்கொண்டே நின்றாள்.

"டீச்சர், இன்னொரு விஷயம் கேட்கலாமா? யாரிடமும் சொல்லமாட்டீர்களே?"

கேட்டாள். அதற்கும் பாட்டுக்கும் சம்பந்தமே இல்லை. அது அவள் வீட்டைப் பற்றியது. அவளுடைய படிப்பைப் பற்றியது. பல மாதங்களாக அவள் மனத்தில் கிடந்து உறுத்திக்கொண்டிருந்த விஷயம். அன்று மாலை அவளுடைய தாயாரைப் போய்ப் பார்த்தேன். இரண்டாம் முறையும் போனேன். காரியம் பாதி நேராகியிருக்கிறது. மீதியும் ஆகும் என்று நம்புகிறேன்.

அந்தக் கேள்வி இன்னதென்று நான் இங்கே எழுதப்போவதில்லை. கேதியும் கிளேரும் பதில் சொன்ன அந்த மாதிரிப் பக்கங்களில் கடிதம் எழுதிய பெண்ணைக் காட்டிக்கொடுக்கும் வழக்கம் கிடையாது. நேயர்களின் வீட்டிலும் ஒரு சுவரில் நாலு அடி இடத்தில் ஏதாவது ஒரு படம் ஒட்டியிருக்கும். இன்று இராத்திரி சாப்பாடு ஆனபிறகு அதன் எதிரில் போய் நின்று, "இது யாரம்மா?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் சற்று நீளமாகத்தான் இருக்கும். பொறுமையாகக் கேளுங்கள். அது முடிந்த பிறகுதான் அவள் உங்களைக் கேட்கவேண்டிய கேள்வி வரும்.